பன்னிரண்டாவது விதி

மாதம்மாளிடம் அடி வாங்காமல் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் பால் குடித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் போகிற காட்டுவழியில், ஒரு மாட்டுக்கொட்டகையின் பாதியில் நடந்தது பள்ளிக்கூடம். கொட்டகை ராஜப்ப கவுண்டருடையது. கல்விக்காக ஒரு பாதியைத் தானம் செய்தார். மறுபாதியில் அவருடைய ஆலம்பாடிக் காளை நின்றது. நடுவே ஒரு மூங்கில் தட்டி. வாய்ப்பாடு சொல்லும்போது காளை அசைபோடுவது கேட்கும். காளை மூத்திரம் பெய்யும்போது வாய்ப்பாடு கேட்காது. கவுண்டரின் சொந்தப் பிள்ளைகள் கிருஷ்ணகிரியில் தங்கிப் படித்தார்கள். இங்கே படித்தவர்கள் அவருடைய பண்ணையாட்களின் பிள்ளைகள்.

பால் கடல் தாண்டி வந்தது. உலகத்துப் பிள்ளைகளின் எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெரியவர்கள் முடிவெடுத்து, பீப்பாய் பீப்பாயாகப் பால்பொடி அனுப்பினார்கள். அரசாங்கம் அதை வாங்கி, முத்திரை குத்தி, மலையேற்றியது. கூடவே எனாமல் குவளைகள், கரைப்பதற்கு முழங்கை நீளத்தில் ஒரு மரத்துடுப்பு, பதினொரு விதிகள் அச்சிட்ட ஒரு தாள்.

கரைக்கும் வேலை பண்ணையாள் மாதம்மாளுக்குக் கிடைத்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியார் கிருஷ்ணப்பன் மூன்று முறை படித்துக் காட்டினார். பதினொன்றும் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது விதி: பிள்ளை பள்ளிக்குள்ளேயே குடிக்க வேண்டும். ஐந்தாவது: கரைப்பவர் கண்ணெதிரே குவளை காலியாக வேண்டும். ஒன்பதாவது: மூன்று மாதத்தில் எடை கூடாவிட்டால் பால் நிறுத்தப்படும்.

ஒன்பதாவது விதிதான் அவளைப் பேயாக்கியது. குவளைக்காகத்தான் பிள்ளைகள் வந்தார்கள். பால் நின்றால் பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள். அவளுடைய ஏழு வயது மகள் முனிலட்சுமி, பள்ளிக்கூடம் வருமுன் கவுண்டரின் மாடு மேய்த்தவள். ஒரு கன்று தொலைந்ததற்காக அவர் சாட்டையால் இழுத்த கோடு இன்னும் அவள் முதுகில் இருந்தது.

"பாலு நிக்கட்டும், மறுநாளே ஒம் மவ எம்மாட்டுப் பின்னால நிக்கணும். தெரியுதா?" என்று கவுண்டர் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே அடி. பொடிப்பாலின் நாற்றம் பிள்ளைகளின் குடலைப் புரட்டியது. மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். வாந்தி எடுத்தால் இன்னொரு குவளை. ஓடினால் கெண்டைக்காலில் துடுப்பு. "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாமென்று அழுதவனையும், தெலுங்கில் திட்டியவனையும், தமிழில் ஓடியவனையும் அவள் பேதம் பார்க்காமல் அடித்தாள். மொழிவாரியாக மாநிலம் பிரித்த மறுவருடம் அது. அந்தப் பக்கத்தில் தேச ஒற்றுமைக்கு அந்தத் துடுப்பளவு உழைத்தவர் யாருமில்லை. முனிலட்சுமிக்குத்தான் அடி அதிகம். குவளையின் விளிம்பு இடித்து அவளுடைய முன்பல் ஒன்று போயிற்று.

"அடிச்சே கொன்னுடுவ போலிருக்கே மாதம்மா" என்றார் வாத்தியார்.

"சாவறதுன்னா குடிச்சிட்டுச் சாவட்டுங்க. ஒம்பதாவது விதி உசுரோட இருக்குது."

அவ்வளவு அடித்தும் எடை கூடவில்லை. ஏன் என்பது வாத்தியாருக்கும் தெரியும், மாதம்மாளுக்கும் தெரியும். நாலு பங்குப் பொடியில் மூன்று பங்கு தட்டிக்கு அந்தப் பக்கம் போனது. எருது விடும் விழாவுக்குக் கவுண்டர் காளையைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதற்கும் அவளே கரைக்க வேண்டும், அதே துடுப்பால். காளைக்குக் கெட்டியாக, பிள்ளைகளுக்குத் தண்ணியாக. மூச்சுவிட்டால் மகள் காட்டுக்குப் போவாள். துடுப்பைக் கண்டாலே காளைக்கு எச்சில் ஒழுகும். கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் வரப் பார்க்கும்.

எடை பார்க்கிற நாள் வந்தது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியிலிருந்து ஆள் நிற்கிற அளவுக்குத் தட்டுள்ள தராசு ஒன்று வந்தது. ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்தார், பால் அனுப்பிய உலகச் சபையின் வெள்ளைக்கார அம்மையாரும் வந்தார். முந்தின நாளே கவுண்டர் யோசனை சொல்லியிருந்தார்: "புள்ளைங்க இடுப்புத் துணியில கல்லக் கட்டுங்க வாத்தியாரே. பாலும் நிக்காது, ஒங்க வேலையும் நிக்காது."

முதலில் முனிலட்சுமி. முள் அழகாக ஏறியது. அம்மையாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிள்ளையை வாரித் தூக்கினார். பொலபொலவென்று கூழாங்கற்கள் அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தன.

இன்ஸ்பெக்டர் கற்களைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளையும் உதறிவிட்டு மறுபடி நிறுத்தினார்கள். ஒரு ராத்தல்கூட ஏறவில்லை. இரண்டு பேருக்கு இறங்கியிருந்தது.

கவுண்டர் சட்டென்று கட்சி மாறினார். "நான் அப்பவே சொன்னனுங்க சாமி, இதுங்க ஒடம்புக்குப் பாலு ஒத்துக்காது. வெயில்ல மாடு மேய்ச்சாத்தான் தேறும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, "பால் நிறுத்தம்" என்று எழுதப் போனார்.

மாதம்மாள் தட்டியைத் தாண்டிப் போய்க் காளையின் கயிற்றை அவிழ்த்தாள். துடுப்பை அதன் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். காளை தட்டியைச் சுக்கலாக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது.

"இதா நிக்குது பாருங்கம்மா ஒங்க புள்ள! மூணு மாசமா நாந்தான் கரைச்சு ஊத்துனேன். ஏத்திப் பாருங்க, எத்தன ராத்தல்னு!"

காளை ஒரு காலைத் தராசுத் தட்டில் வைத்தது. சங்கிலி அறுந்து முகத்தில் அடித்ததும் அது மிரண்டது. மறித்த வாத்தியாரின் தொடையில் கொம்பு இறங்கி, அவரைத் தூக்கிக் கரும்பலகையில் எறிந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்புக்கு அடியில் போனார். கவுண்டர் மாதம்மாளின் வயிற்றில் உதைத்தார். "நாயி, என் சோத்தத் தின்னுட்டு எம்மாட்டயே காட்டிக் குடுக்கறியா?" அவள் எழுந்து, இரண்டு கையாலும் துடுப்பை ஓங்கி அவர் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் ஜீப்புக்கு அடியிலும் கேட்டது. பிறகு கவுண்டரின் ஆட்கள் அவளைப் பிடித்துத் தரையில் அழுத்தி, தராசுக்கோலாலேயே வலது கையை முறித்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவர்களை அடிக்கவில்லை.

வழக்கு மாதம்மாள் மேல்தான். பதினைந்து நாள் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது பால் நின்றிருந்தது, முனிலட்சுமி மாட்டுப் பின்னால் நின்றாள்.

அம்மையார் ஊருக்குப் போய் அறிக்கை எழுதினார். அதில் திருட்டு இருந்ததா தெரியாது, காளை இருந்தது. மேசையைச் சுற்றியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் கல்விக்கு இடையூறு எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாலும், புதுத் தாளும் மலையேறின. கோலூன்றி நடந்த வாத்தியார் படித்தார்:

"பன்னிரண்டாவது விதி. பள்ளி வளாகத்துக்குள் கால்நடைகளைக் கட்டவோ கொண்டுவரவோ கூடாது. மீறினால் பால் நிறுத்தப்படும்."

"இன்னொருக்கா படிங்க" என்றாள் மாதம்மாள்.

கேட்டுவிட்டு நேரே மேய்ச்சல் காட்டுக்குப் போய், மகளின் காதைப் பிடித்து இழுத்துவந்து பள்ளிக்கூடத்துப் பலகையில் உட்கார வைத்தாள். பின்னாலேயே, ஒரு தோள் இறங்கிய கவுண்டர் காளையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"தள்ளுடி. இது எங்கொட்டாயி."

"பாதி ஒங்களுதுதாங்க கவுண்டரே. தட்டியத்தான் ஒங்க மாடு ஒடச்சிருச்சே! இப்ப எதுவரைக்கும் பள்ளிக்கூடம்னு நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு, பன்னெண்டாவது விதியயும் கேளுங்க."

காளை அவள் கையிலிருந்த துடுப்பைக் கண்டு எச்சில் ஒழுக முன்னே வந்தது. மாதம்மாள் இடது கையால் அதன் மூக்கில் ஓங்கி அடித்தாள். மூன்று மாதம் பால் கொடுத்த துடுப்பு அடிக்கும் என்று அது எதிர்பார்க்கவில்லை. ரத்தம் ஒழுகத் திரும்பி ஓடியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த கவுண்டரும் கல்லிலும் முள்ளிலும் இழுபட்டுக் கூடவே போனார்.

மாதம்மாள் குவளையை நிரப்பி மகளின் மூக்கைப் பிடித்தாள்.

"குடிடி."

முனிலட்சுமி குடித்தாள். பல் போன இடத்தில் கொஞ்சம் ஒழுகியது. அதற்கும் ஒன்று விழுந்தது.