பச்சைக் கட்டத்துக்குள் பெனிட்டா அக்கா

என் அத்தான் பிரவின்ராஜைப் பற்றி யாராவது கேட்டால் கெட்டிக்காரர் என்பேன். அடுத்த மூச்சிலேயே கூறுகெட்ட மனுஷன் என்றும் சொல்வேன். இரண்டும் உண்மை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கிணற்றில் விழுந்த போன், ஆட்டோ ஏறிய போன், பிள்ளை கடித்த போன், எதுவானாலும் உயிர் கொடுத்துவிடுவார். ஒட்டினாற்போல் இருப்பது என் ஃபேன்சி ஸ்டோர். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் அங்கே தும்மினால் இங்கே வளையல் ஆடும். அவர் மனைவி பெனிட்டா என் கூடப்பிறந்த அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன் அத்தானுக்கு டிரோன் பைத்தியம் பிடித்தது. கல்யாண வீடுகளில் டிரோன் பறக்கவிடுகிறவர் ரிமோட்டும் கையுமாக அண்ணாந்துகொண்டே நடப்பார். அப்படி ஒருவர் ஜமுக்காளம் தடுக்கி மணமேடையிலேயே விழுந்ததை அத்தான் பார்த்திருக்கிறார். இன்னார் என்று காட்டிவிட்டால் போதும், ஆள் ஓட்டாமல் தானாகவே அவரைத் தொடர்ந்து படம் எடுக்கிற டிரோனை நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் அரசாங்கக் கெடுபிடி குறைவாம். அதற்காக ஒவ்வொரு ஸ்குரூவையும் பாதியாக அறுத்தார். நகைக்கடைத் தராசில் இருநூற்று நாற்பத்தேழு காட்டிய அன்று எங்கள் வரிசை முழுக்கப் பால்கோவா கொடுத்தார்.

பறந்தது, சரி. ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே! முதலில் சட்டை நிறத்தை வைத்துப் பழக்கினார். எங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்தில் சோதனை. வந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. டிரோன் மாப்பிள்ளையை விட்டு அவருடைய மாமனைப் பிடித்தது. மாமனை விட்டுப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர் பின்னாலேயே சமையல்கட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தானுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

நாலு நாள் கழித்துத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். “ஏட்டி சுகிர்தா, நிறம் வேண்டாம். முகமும் வேண்டாம், பின்னால இருந்து தெரியாது. நடைதான் சரி. சட்டைய மாத்தலாம், நடைய மாத்த முடியாதுல்லா?”

நடையைக் கற்றுக்கொடுக்க யாராவது நடக்க வேண்டும். வேறு யார்? போன ஜனவரியிலிருந்து தினமும் சாயங்காலம் கடையை என்னிடம் விட்டுவிட்டு, அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு கரிவலம் போகிற ரோட்டில் வறண்டு கிடந்த கண்மாய்க்குப் போவார். அக்கா நடப்பாள். டிரோன் பின்னாலேயே போகும். அது அவளை அடையாளம் கண்டால் அத்தானின் போனில் அவளைச் சுற்றிப் பச்சைக் கட்டம், தெரியாவிட்டால் சிவப்பு. எத்தனை சுற்று பச்சை, எத்தனை சிவப்பு என்று தேதி போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

மார்ச்சில் அக்காவுக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரைக்கும் இழுக்க ஆரம்பித்தது. “ஆஸ்பத்திரிக்குப் போக்கா” என்று நான் சண்டை போட்டேன்.

“இந்த டிரோன் சரியாயிட்டா மனுஷன் நிம்மதியா தூங்குவாருட்டி. அப்புறம் போறேன்” என்றாள். அவரிடம் சொன்னால், “இன்னும் ரெண்டே ரெண்டு ரவுண்டு பெனி, முடிஞ்சுது” என்பார். தைலம் வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரலில் கட்டம் சிவப்பாக ஆரம்பித்தது. முதலில் ஒரு சுற்று, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு எல்லாச் சுற்றுமே. மூன்று மாதமாகப் பழகியவளையே டிரோனுக்குத் தெரியவில்லை. அத்தான் மூன்று வாரம் சோறு தண்ணி சரியாக எடுக்கவில்லை. புரோகிராமைப் பிரித்துப் போட்டு, நடை கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் அக்காதான் என்று ஒத்துக்கொள்ளும்படி மாற்றினார். மே மாதம் மறுபடியும் பச்சை. மறுபடியும் பால்கோவா. நானும் தின்றேன்.

ஜூனில் ஒருநாள் என் கடைப்படி ஏறும்போது அக்காவின் இடது செருப்பு கீழேயே நின்றுவிட்டது. அது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. விரலை மேலே தூக்கச் சொன்னேன்; தூக்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் திருநெல்வேலிக்கு ஓடினோம். முதுகெலும்பில் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். பாதம் எப்போதிலிருந்து தொங்குகிறது, சீக்கிரம் வந்திருந்தால் நல்லது, சரியாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

“வீடியோ இருக்கு டாக்டர்” என்று அத்தான் போனை நீட்டினார்.

ஜனவரி நடை சுத்தமாக இருந்தது. டாக்டர் தள்ளிக்கொண்டே வந்து ஏப்ரல் ஒன்பதில் நிறுத்தினார். அக்காவின் இடது நுனிவிரல் மண்ணைக் கீறிக்கொண்டு போவது நன்றாகத் தெரிந்தது. முதல் சிவப்பு விழுந்த நாளும் அதுதான். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே அத்தான் கையெழுத்தில் ‘மிஷின் தப்பு’ என்று இருந்தது.

வராந்தாவில் வைத்து நான் வாயில் வந்தபடி கேட்டேன். “மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குத் தெரியலயா அத்தான்? அது வேற நடைன்னு சொல்லிச்சு, நீங்க அது வாயை அடைச்சிட்டீங்க!” அவர் சுவரைப் பார்த்து நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஏனென்றால் ஏப்ரல், மே முழுக்க, “செருப்பைத் தேச்சு நடக்காதக்கா, சத்தம் காதைக் கொல்லுது” என்று அவளைக் கடையில் வைத்துத் திட்டியவள் நான்தான்.

ஆபரேஷன் முடிந்தது. ஆறு மாதத்துக்குள் பாதத்தில் அசைவு வந்தால் நல்லது, வராவிட்டால் கடைசிவரை பாதத்தைத் தாங்குகிற பட்டை மாட்டித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஐந்து மாதம் அசைவில்லை. அத்தான் மே மாதப் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜனவரி நடையில் பழகிய பழையதைத் திரும்ப ஏற்றினார். என்றைக்குப் பச்சை காட்டுகிறதோ அன்றைக்கு அக்கா பழையபடி நடக்கிறாள் என்று அர்த்தமாம். கண்மாயில் இப்போது தண்ணீர் கிடப்பதால் கரையோரத்துக் களத்தில் காலையில் நடக்கிறார்கள்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அக்கா பட்டையைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தாள். டிரோன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றித் தேடியது. சிவப்பு. திரும்பினோம், அப்போதும் சிவப்பு. அத்தான் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா நின்றுவிட்டாள். “ஏங்க, அதை உள்ள வையுங்க. காலு தூக்குதா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அவர் போனைப் பைக்குள் போட்டார். களத்தில் முழங்கால் போட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். அக்கா ஓரடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். ஆளைக் காணாமல் டிரோன் தானாக இறங்கிப் புழுதியில் உட்கார்ந்தது. அதை யாரும் எடுக்கப் போகவில்லை.

“பெனி, தூக்குது. பெருவிரலு. ஒரு அரிசி அளவுக்குத் தூக்குது.”

“எனக்காகச் சொல்லாதீங்க. மிஷின்ல காட்டிச்சா?”

“மிஷின்ல காட்டல, பெனி. நான் பாத்தேன்.”