சாட்சி சொன்ன பிறகு

எங்கள் மிஷன் வேனில் மருந்துப்பெட்டி முன்சீட்டில் வரும், மைக் செட் பின்சீட்டில். நான் அதில் நர்ஸ். சனிக்கிழமைதோறும் இலத்தூர்ப் பக்கம் முகாம். முதலில் நான் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பேன். அப்புறம் பாஸ்டர் ஜெபம் செய்வார். கடைசியில் சுகம் கிடைத்தவர்கள் மைக்கில் சாட்சி சொல்வார்கள். நானும் விசுவாசிதான், இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

குற்றாலத்தில் லாட்ஜ் அறைகளைக் கூட்டித் துடைக்கும் அக்கா ஒருவர் வருவார். முதல் தடவை பார்த்தபோது அவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. நான் கொடுத்த மாத்திரையை ஒரு வேளை விடாமல் போட்டார். மூன்றாம் மாதம் நன்றாக இறங்கியிருந்தது. பாஸ்டர் மைக்கை என்னிடம் நீட்டி, "அப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவு, சொல்லுங்க சிஸ்டர்" என்றார். மைக்கை வாங்கி இரண்டு அளவையும் சொன்னேன். கூட்டம் அல்லேலூயா என்றது. அக்கா அழுதுகொண்டே, "ஆண்டவர் எனக்குச் சுகம் குடுத்துட்டாரு" என்று சாட்சி சொன்னார்.

மாத்திரை என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசுவானேன் என்று இருந்துவிட்டேன். அதை அடக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். வெறும் கோழைத்தனம்.

அதன் பிறகு அவர் முகாமுக்கு வரவில்லை. சுகமானவர்களை யார் தேடுகிறார்கள்? சீசன் தொடங்கிவிட்டது. நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று அவருடைய கால்விரல் இடுக்கில் புண் வந்திருக்கிறது. எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பியதும் கட்டு மாற்ற மிஷனில் என்னை அனுப்பினார்கள். போனேன். கையுறை போட்டேன், கட்டை அவிழ்த்தேன், கழுவினேன், துடைத்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாத்திரைய ஏன்க்கா நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"சாட்சி சொன்ன பெறவு மாத்திர போட்டா, சாட்சி பொய்யாயிரும்லா சிஸ்டர்? அன்னைக்கே மிச்சத்த அடுப்புல போட்டுட்டேன்." கட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தான் விசுவாசம் பத்தல போல" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. "உங்க விசுவாசத்துல ஒரு குறையும் இல்லக்கா. சர்க்கரை எறங்குனது மாத்திரையாலதான். விட்டா ஏறும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"மைக்கு ஒங்க கையிலதான சிஸ்டர் இருந்துச்சு" என்றார்.