அமெரிக்கத் தந்திகளும் எங்கள் விண்ணப்பமும்

டென்மார்க்கில் நூலகத்துக்குள் நுழையும்போது யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஹொல்ஸ்டெப்ரோ என்ற சிறு நகருக்கு அகதியாக வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவேயில்லை. வாசலில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். மேசையில் இருந்த இங்கர் என்ற பெண்ணோ நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, வாசிக்க ஏதாவது கேட்டேன். உசாத்துணைப் பகுதிக்குக் கூட்டிப்போய், அமெரிக்க இராஜதந்திர வரலாற்றுத் தொகுதிகளைக் காட்டினாள். செங்கல்லைப் போலக் கனத்தவை, யாரோ அன்பளித்தவை. ஆங்கிலத்தில் அங்கே இருந்த வரலாறு அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே இருந்துதான் வாசிக்கவேண்டும்.

எனக்கும் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. மனைவி கௌரியையும் மகள் தாரிணியையும் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். நான் புறப்பட்டபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தாள். முதல் வேலையாக அந்தத் தொகுதிகளின் பின்னட்டவணையில் சிலோனைத் தேடினேன். ரப்பர் இருந்தது, அரிசி இருந்தது, சனங்கள் இல்லை. ஆனாலும் விடாமல் வாசித்தேன். தூதுவர் அவசரத் தந்தி அடிப்பார். வாஷிங்டன் பேசாமல் இருக்கும். பிறகொருநாள் பதில் வரும். சில பதில்களுக்கு, அச்சிடப்படவில்லை என்று அடிக்குறிப்பு மட்டும் இருக்கும். அரசாங்கம் என்றால் தாமதம்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள அந்தத் தந்திகள் உதவின. என் விண்ணப்பத்தைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்தால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி டென்மார்க்கின் நீதி அமைச்சரே சொல்லியிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கொழும்புக்கு வந்திருந்த நாளில் கௌரி தொலைபேசியில் கேட்டாள்: "அங்கை என்னதான் சொல்லுறாங்கள்?"

"பாக்கிறாங்களாம்."

"பிள்ளை இப்ப ஓடித் திரியிறாள். உங்களைப் படத்திலை காட்டினால் மாமா எண்டுறாள்."

இருவரும் சிரித்தோம். அதன்பிறகு அவள் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டாள்.

ஊரடங்கு நாளொன்றில் பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையானது. கௌரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைகளால் நடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வீதியில் ஆமிக்காரர் மறித்து, போக விடவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியிலேயே பிள்ளை போய்விட்டாள். கொழும்பிலிருந்து என் மைத்துனன்தான் தொலைபேசியில் சொன்னான். அடுத்த நாள் எங்கே போவதென்று தெரியாமல் நூலகத்துக்குத்தான் போனேன். என் டெனிஷ் திருந்தட்டும் என்று அப்போதெல்லாம் இங்கர் என்னோடு டெனிஷில்தான் கதைப்பாள். என்ன நடந்தது என்று கேட்டாள். என் மகள் முடிந்துவிட்டாள் என்று சொல்ல நினைத்து, "மகள்... ஃபேர்தி" என்றேன். அந்தச் சொல்லுக்கு ஆயத்தம் என்றும் பொருள் உண்டு. எல்லா அலுவலும் முடிந்து பிள்ளை வரப்போகிறாள் என்று அவள் விளங்கிக்கொண்டாள். முகம் மலர்ந்து என் கையைப் பிடித்து, எப்போது வருகிறாள் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் எந்த மொழியிலும் வாய் வரவில்லை.

அனுமதி பிறகு வந்தது, இரண்டு பேருக்கும். கௌரி தனியாக வந்து இறங்கினாள்.

தொண்ணூற்றுமூன்று தை மாதம், எங்கள் விண்ணப்பங்களை அமைச்சர் கிடப்பில் போட்டதைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்து, அரசாங்கமே பதவி விலகியது. நான் வேலைசெய்த இறைச்சித் தொழிற்சாலையில் டெனிஷ்காரர்கள் என் முதுகில் தட்டி, "தில்லூக்க!" என்று வாழ்த்தினார்கள். தமிழர்கள் ஓர் அரசாங்கத்தையே விழுத்திவிட்டார்களாம். நான் நன்றி சொன்னேன். கௌரிக்கு அந்த அறிக்கையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. நூலகத்துக்குப் போனோம். இங்கர் வேலை மாறிப் போயிருந்தாள். அறிக்கைத் தொகுதிகள் உசாத்துணைப் பகுதியில் இருந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

"பிள்ளையின்ரை பேர் கிடக்கே?"

"இல்லை. மந்திரிமார், அதிகாரிமார்... அவையின்ரை கதைதான்."

"அப்ப ஆருக்கு நடந்ததெண்டு எழுதியிருக்கு?"

நான் புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். வெளியே போகும்போது, மேசையில் இருந்த இளம்பெண் கௌரிக்கு நூலக அட்டை வேண்டுமா என்று கேட்டாள். பெயரையும் முகவரியையும் கேட்டுத் தானே எழுதிக்கொண்டாள். பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுக்கும் அட்டை தரலாம் என்றாள்.

"நை," என்றேன், டெனிஷில் இல்லை என்று.

அதே நேரம் கௌரி, கேள்வி நன்றாகவே விளங்கியவள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "ஓம், இருக்கிறாள்."

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.