மூன்று பூட்டிய வீடுகள்

மாசாணியம்மாளை எங்கள் பேரூராட்சியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டெங்குக்காரம்மா என்றால்தான் தெரியும். நீலக் கோட்டு, தோளில் ஒரு பை, பைக்குள் மருந்துப் புட்டியும் டார்ச் லைட்டும், கையில் வேலைக்கென்று கொடுத்த செல்போன். பல்லடத்தை ஒட்டிய இந்த ஊரில் தறிச் சத்தம் கேட்காத வீதி கிடையாது. அவர் கால் படாத வாசலும் கிடையாது.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நேராகப் பின்பக்கம் போய், தண்ணீர் டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். கொசுப் புழு இருந்தால் கீழே கொட்டச் சொல்வார். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற நல்ல தண்ணீரை யாருக்குக் கொட்ட மனசு வரும்?

“ஏனுங்க, குடிக்கற தண்ணியக் கொட்டச் சொல்றீங்களே, நாயமுங்களா?” என்பார்கள்.

“புழுவோட சேத்துக் குடிக்கறது மட்டும் நாயமுங்களா?” என்பார் இவர். எங்கள் பக்கத்தில் சண்டையிலும் ‘ங்க’ குறையாது.

அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே ஊர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களை வாசலைத் தாண்டி யாரும் உள்ளே விட்டதில்லை. “இந்தப் போனு கையில இருக்கறதுனாலதான் நானு சமையக்கட்டு வரைக்கும் போறேன் தம்பி” என்று மாசாணியம்மாள் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, ஊர்மேல் எரிச்சல்தான் வரும்.

நான் யாரென்றும் சொல்லிவிட வேண்டும். சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் திருமலைசாமி. வெயிலில் நடப்பது அவர், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்ப்பது நான். அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செல்போனில் ஒரு பதிலைத் தொட வேண்டும். காய்ச்சல் உண்டு, காய்ச்சல் இல்லை, வீடு பூட்டியிருந்தது. இந்த மூன்றுதான். தொட்ட மறு நிமிடம் என் திரையில் ஊர் வரைபடத்தில் அந்த வீடு ஒரு புள்ளியாக விழும். உண்டு என்றால் சிவப்பு, இல்லை என்றால் பச்சை, பூட்டியிருந்தால் வெள்ளை. சிவப்பு விழுந்தால் மறுநாள் காலை ரத்தம் எடுக்க ஆள் போகும், புகை மருந்து வண்டியும் போகும். எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து டெங்கு என்று பதிந்தாலும் அந்த வீடு தானாகச் சிவந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன். வரைபடம் பொய் சொல்லாது, நாம் சொல்லாதவரைக்கும்.

அந்தக் கார்த்திகையில் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, பூச்சாட்டியிருந்தார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டாயிற்று. நோம்பிக்கு வெளியூர்ச் சனம் வருமென்று, தறிக்காரர் குடியிருக்கும் வடக்கு வீதியை மட்டும் அந்த வாரம் இரண்டு தடவை பார்க்கச் சொன்னார் சுகாதார ஆய்வாளர் தம்பிதுரை.

புதன்கிழமை மாசாணியம்மாள் பொற்கொடி வீட்டுக்குப் போனார். பொற்கொடியும் அவள் புருஷன் வேலனும் தறி ஓட்டுகிறவர்கள். ஒரே பெண் கனிஷ்கா, இரண்டாம் வகுப்பு. நிலைப்படியில் வேப்பந்தழை செருகியிருந்தது. பொற்கொடி வாசலுக்கு வந்து கையைக் காட்டித் தடுத்தாள்.

“உள்ள வராதீங்கக்கா. பாப்பாவுக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க. இன்னிக்கு மேலெல்லாம் செவசெவன்னு போட்டிருக்குது. ஆத்தா வந்திருக்கறா.”

“டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா கண்ணு?”

“கம்பம் நட்டிருக்கறப்ப ஊசி போடுவாங்களாக்கா? நீங்களே இப்படிக் கேக்கறீங்களே.”

மாசாணியம்மாளுக்கும் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது. வேப்பந்தழைப் படுக்கையில் படுத்து எழுந்தவர். ஆத்தா வந்த வீட்டில் ஊசியோடு ஆள் நுழைவதை அவர் மனசும் ஒப்பவில்லை. உண்டு என்று தொட்டால் காலையில் ரத்தம் எடுக்க வந்து நிற்பார்கள். இல்லை என்று தொட்டால் பச்சைப் பொய். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வீடு பூட்டியிருந்தது என்று தொட்டார். ஆத்தா இருக்கிற வீடும் பூட்டின வீடும் ஒன்றுதானே என்று தோன்றியதாம். பின்பக்கத்து டிரம்மையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் போனபோது கனிஷ்கா வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. பொற்கொடி முகம் தெளிந்திருந்தது.

“ஆத்தா எறங்கிட்டாளுங்கக்கா. நாளைக்குத் தண்ணி வாக்கப் போறோம்.”

“எப்படி இருக்கறே அம்மணி?”

“வகுறு வலிக்குது அத்தை” என்றது குழந்தை.

மாசாணியம்மாள் அதன் கையைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவருக்கு நினைவு வராமல் இல்லை, வீதி முனையில் வந்தது. இது டெங்கு இல்லையே, ஆத்தாதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்துவிட்டார். வீதி முனைக்கு வருமுன் பார்த்த பக்கத்து இரண்டு வீடுகளிலும் புதிதாக வேப்பந்தழை செருகியிருந்தது. உள்ளே படுத்திருந்ததும் பிள்ளைகள்தான். தண்ணீர் வார்க்கும்வரை பொற்கொடி வீடும் ஆத்தா வீடுதான் என்று, மூன்று வீட்டுக்கும் பூட்டியிருந்தது என்றே தொட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் என் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மூன்று, ஒன்றையொட்டி ஒன்று. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தறிக்காரர் வீடுதானே, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டரை மூடினேன். ஒரு போன் அடித்துக் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வார்க்கப் பிள்ளையைத் தூக்கினபோது தலை தொங்கிவிட்டது. வேலன் வேனைப் பிடித்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான். அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஏதேதோ ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று வீதியில் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வெள்ளைப் புள்ளி ஒன்று சிவந்தது. கனிஷ்கா, வயது ஏழு, டெங்கு. அதற்குக் கீழேயே அந்த வீட்டின் பழைய பதிவு இருந்தது. புதன், பூட்டியிருந்தது. சனி, பூட்டியிருந்தது.

தம்பிதுரை அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அது துக்கப் பெருமூச்சு இல்லை. “நல்லவேளைங்க. ரெண்டு தடவ ஆள் போயிருக்குது, ஊடு பூட்டிக் கெடந்திருக்குது. நம்ம மேல ஒரு சொல் வராது” என்றார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கதவோரத்தில் நின்ற மாசாணியம்மாள் உள்ளே வந்தார். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார்.

“பூட்டியிருக்கலீங்க. உள்ள ஆள் இருந்துச்சு. நானுதான் அப்படிப் போட்டுப்போட்டேன்.”

“இப்ப அது எதுக்குங்கம்மா? போன புள்ள திரும்பியா வரப் போகுது?” என்றார் தம்பிதுரை. “வாய மூடிட்டு இருந்தா உங்க வேலையாச்சும் மிஞ்சும்.”

“பக்கத்து ரெண்டு ஊட்டுலயும் புள்ளைங்க படுத்திருக்குதுங்க. அதையும் பூட்டியிருக்குதுன்னுதானுங்க போட்டிருக்கறேன்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, மாத்துங்க. செவப்பாக்குங்க. நானு சொல்லித்தான் மாத்துனதா எழுதிக்குங்க.”

நான் தம்பிதுரையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். மாற்றினால் மாற்றியவர் பேரும் காரணமும் மேலே வரைக்கும் போகும். இந்த அம்மாவுக்கு வேலை போய்விடும்.

“மாத்துங்க தம்பி!” என்று கத்தினார். பத்து வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

மாற்றினேன். இரண்டு வீடும் சிவந்தன. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் போய்விட்டது. வீட்டுக்காரர்கள் வேப்பந்தழையைக் காட்டி மறித்தார்கள். மாசாணியம்மாள்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, “ஆத்தா இல்லீங்க, டெங்குங்க. என்னய எத்தன வேணும்னாலும் திட்டுங்க, புள்ளையத் தூக்கியாங்க” என்று கும்பிட்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் டெங்குதான். ஒன்றுக்கு ஐந்து நாள் நிலைமை மோசமாக இருந்தது. இரண்டும் பிழைத்துக்கொண்டன. பொற்கொடி வீட்டு டிரம்மைத் திறந்து பார்த்தபோது தண்ணீரெல்லாம் புழு.

அடுத்த வாரம் அவரிடமிருந்து செல்போனையும் நீலக் கோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். தவறான பதிவு என்று காரணம் எழுதினார்கள். பயிற்சியில் வேப்பந்தழையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எங்கும் எழுதவில்லை. மூன்று வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

செல்போனை வாங்கிக்கொண்ட அன்று சாயங்காலமே மாசாணியம்மாள் பொற்கொடியைப் பார்க்கப் போனார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறதென்று என்னையும் கூட்டிப்போனார். அந்த வீட்டுக்குச் செல்போன் இல்லாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. வாசலோடு நின்றுவிட்டார். பொற்கொடிதான் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். மாசாணியம்மாள் ஒன்றையும் மறைக்கவில்லை. புதன்கிழமை தொட்டது, சனிக்கிழமை கை சில்லென்று இருந்தது, வீதி முனையில் நினைவு வந்தது, நினைவு வந்தும் திரும்பி வராதது, எல்லாவற்றையும் சொன்னார்.

பொற்கொடி அழவில்லை, திட்டவும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“பூட்டியிருக்குதுன்னா போட்டீங்க? நாங்க உள்ளதானுங்கக்கா இருந்தோம்.”

மாசாணியம்மாள் எழுந்தார். எங்கள் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் போய்ட்டு வாரேனுங்க என்று சொல்வோம். சாவு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டோம். அவர் சொல்லாமல் வெளியே வந்தார்.