மண் பாதை

திருநின்றவூரில் இன்று காலை ஸ்டெல்லாக்கா வீட்டுக்குள் நுழைந்ததும், முழங்கால் தண்ணீரிலிருந்து எழுந்த கெளுத்தி மீன் வாடை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது. ஏரி நிரம்பி உபரி நீர் வழியத் தொடங்கினால் எங்கள் தெருவே மீன் பிடிக்கக் கால்வாயில் இறங்கிவிடும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா பழைய கொசுவலையின் ஒரு முனையை என்னிடம் தருவாள், வலை கனக்கக் கனக்க, கணுக்காலை மீன்கள் உரசிக்கொண்டு போக, தண்ணீர் இரைச்சலில் அவள் கத்துவது வெறும் வாயசைவாகத்தான் தெரியும்.

வளர்ந்து, நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவனானேன். புதிய சாலைக்கு நேரான இடம் தேடிக் கோடையில் அளக்கப் போனபோது, அதே கால்வாய் காய்ந்து, பைக் தடங்களோடு கிடந்தது. கால்வாய் என்று தெரிந்தே, வரைபடத்தில் "மண் பாதை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கால்வாயை மூடிச் சாலை வந்தது. தண்ணீர் அக்கா வீட்டுக்குள் போனது.

வெள்ளத்தைப் பார்வையிட என்னோடு வந்த அதிகாரிகளிடம் அக்கா என் தோளைத் தொட்டுச் சொன்னாள்:

"இன்னா சார், ஆளாளுக்கு எங்களையே கேட்டுகினு கீறீங்க. இது எங்க ஊட்டாண்ட வளந்த புள்ள. தண்ணி எந்தப் பக்கம் போவும்னு இதுக்குத் தெரியும். இத்தக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, ஏற்கெனவே மடித்திருந்த கால்சட்டையை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தேன்.