வெள்ளை வேட்டியின் நிறம்

விம்கோ நகரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துவது என் வேலை. படத்தைத் திறந்ததும் மணமக்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். வேட்டியோ சுவரோ, அந்த வெள்ளை எந்த நிறத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, முகமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். நம் கண் இதைக் காட்டிக்கொடுக்காது. எந்த ஒளியில் உட்காரவைத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழகிப்போய், வெள்ளையை வெள்ளை என்றே சொல்லிவிடும். கேமராவுக்கு அந்த இங்கிதம் கிடையாது.

இதை நான் ஸ்டூடியோவில் கற்றுக்கொள்ளவில்லை. சடையங்குப்பத்தில், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் காற்றுமழையில் எங்கள் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் நொறுங்கிவிட்டன. வாசல் பக்கம் மட்டும் இரண்டு தப்பின. மிச்ச இடத்துக்கு நீலத் தார்பாய் கட்டினோம். மாதக்கணக்கில் அதன் கீழே சமைத்து, சாப்பிட்டு, தூங்கியதில் அது நீலம் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

தண்டையார்பேட்டை வரன் வீட்டில் என் போட்டோ கேட்டார்கள். அம்மா மத்தியான நேரத்தில் என்னை வீட்டுக்குள் நிறுத்தி போனில் எடுத்தாள். அருமையான ஒளிதான் அது. வெயில் தார்பாயில் வடிகட்டப்பட்டு, மூக்குக்கடியில்கூட நிழல் விழாமல் மெத்தென்று இறங்கும். இன்று அந்த ஒளிக்காகத்தான் ஸ்டூடியோவில் விளக்குக்கு முன்னால் துணி கட்டுகிறோம்.

மறுநாள் பையனின் அம்மா போனில் கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நெனச்சிக்காத. பொண்ணுக்கு ஹார்ட்ல எதனா கீதா? உதடெல்லாம் நீலமா கீது."

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா. போனு கலீஜு போனு. நேர்ல வந்து பாருங்க. ஷீட்டு வூடுதான், ஆனா கெட்டியா கீது."

நான் கண்ணாடியில் உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. கண்ணாடியும் தார்பாயின் கீழேதான் தொங்குகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

அவர்கள் வரும் நாளில் அம்மா, அப்பாவின் வெள்ளை வேட்டிகளைத் தார்பாய்க்குக் கீழே இழுத்துக் கட்டினாள். "கேட்டா தூசு வுழுதுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். வாசலில் ஷீட் இருந்ததால் தெருவில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பையனின் அம்மா உள்ளே நுழைந்ததும் ஒரு முறை கண்ணைச் சுருக்கினார். காபி குடித்து முடிப்பதற்குள் அவர் கண்ணும் பழகிவிட்டது. என் கன்னத்தைத் தொட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் கீது. அந்தப் போட்டோதான் பேஜாரு பண்ணிடிச்சி" என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகனைப் படமெடுக்கச் சொன்னார்.

எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார். எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் உதடு நீலம். அவருடைய அரக்குப் புடவை கறுத்துப்போயிருந்தது. தலைக்கு மேலே தெரிந்த வேட்டி, சொட்டு நீலம் கரைத்த வாளித் தண்ணீரில் ஊறவைத்தது போல இருந்தது. அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"மேல இன்னா கண்ணு கீது?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தார்பாய்ங்க" என்றேன்.

"ஷீட்டுன்னாங்களே" என்று மட்டும் சொன்னார். போனை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "போயிட்டு சொல்றோம்."

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஹார்ட்டில் கோளாறு என்றே அவர்கள் நினைத்திருக்கக் கூடாதா என்று மனதார ஆசைப்பட்டேன்.