வராதவர்களை அழைக்கும் அன்னபாக்கியம்

புலம்பெயர்ந்து மவுண்ட் ரோஸ்கில் புறநகரில் குடியிருந்த அன்னபாக்கியத்துக்கு 1996இல் அரசின் சேவைத் திட்டத்தில் ஒரு கல்லூரி வேலை கிடைத்தது. குடியேறிய வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலப் படித்து முடிக்க உதவ வேண்டும். வகுப்புக்கு வராதவர்களைத் தொலைபேசியில் பிடித்து அவர் துளைத்த துளைப்பில் காய்ச்சல்காரர்கள்கூட எழுந்து வந்தார்கள். கல்லூரி அதை ஆலோசனை என்று மெச்சியது.

அதே கல்லூரியின் பென்ரோஸ் கிளையில் படித்த அவருடைய மகன் ரஜிதன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. காலை வகுப்பு இன்னும் ஒன்று தவறினால் அவன் பெயரை வெட்டிவிடுவார்கள்.

"ஏன்டா காலமை வகுப்புக்குப் போறேல்லையாம்? என்ர மானம் போகுது!"

"மம், அந்த நேரம் உங்களைத்தானே காரில வேலைக்கு டிராப் பண்ணுறன்!"

மறுநாள் அன்னபாக்கியம் பஸ்ஸில் போனார். ரஜிதன் வகுப்பில் இருந்தான். வேலைக்குப் பிந்தி வந்த அன்னபாக்கியத்திடம் மேலாளர் கனிவாக விசாரித்தார்: "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"